கடல் வீடியோவுக்கு ஒரு பிசி, கல்யாண வீடியோவுக்கு வேற பிசி: தூத்துக்குடியில் பட்ஜெட் எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

"கையில 70 ஆயிரம் இருக்கு. பகல்ல எடிட்டிங் ஓடணும், ராத்திரி கேம் ஓடணும். எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?"

கம்ப்யூட்டர் கடைக்குப் போகும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கடைக்காரரும் உடனே ஒரு கார்டு பெயரைச் சொல்லி, மிச்சக் காசில் மற்றதை எல்லாம் அடைத்து ஒரு கொட்டேஷன் போட்டுக் கொடுத்துவிடுவார். கண்ணாடிக் கேபினெட், உள்ளே கலர் கலராக லைட். பார்க்க அம்சமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து டைம்லைனில் வீடியோவைப் போட்டால் அது திக்கித் திக்கி ஓடும். புது கார்டு, ஆனாலும் திக்குது. ஏன்?

கேள்வியே தப்பான முனையில் ஆரம்பித்ததுதான் காரணம். முதலில் கேட்க வேண்டியது, வீடியோ எந்தக் கேமராவில் எடுக்கப்படுகிறது என்பது. தூத்துக்குடி மாதிரி ஊரில் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த பெட்டி எந்த அறையில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கப்போகிறது?

இந்தக் கரைக்கு எடிட்டிங் புதுசு இல்லை

மன்னார் வளைகுடாக் கரையில் வீடியோ எடிட்டிங் இன்று பொழுதுபோக்கு அல்ல, தொழில். 'தூத்துக்குடி மீனவன்', ராமநாதபுரம் மாவட்டத்தின் 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்களைத் தமிழ்நாட்டில் மீன் சாப்பிடாதவர்கள்கூடப் பார்க்கிறார்கள். வலை போடுவது, சங்கு எடுப்பது, நடுக்கடலில் சமைப்பது எல்லாம் லட்சக்கணக்கான பார்வைகளைத் தாண்டிய பிறகு, இந்தக் கரையில் செல்போனைக் கையில் எடுத்த இளைஞர்கள் பலர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; ஹார்டு டிஸ்க்கில் தேங்கிக் கிடக்கும் பழைய ஃபுட்டேஜை எடிட் செய்ய அதுதான் நேரம்.

இன்னொரு பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடியோக்காரர்கள். ஆகஸ்ட் 5-ல் நிறைவாகும் பனிமய மாதா திருவிழா மாதிரியான நாட்களில் நேரலை வேலையும் வரும். இவர்களுக்கு டெலிவரி தேதி என்று ஒன்று இருக்கிறது. பெண் வீட்டார் வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் ஆல்பமும் வீடியோவும் கைக்குப் போகணும். நடுவில் பிசி படுத்தால், மிச்சப் பணமும் படுத்துவிடும்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கம்ப்யூட்டரைப் பரிந்துரைப்பதுதான் யூடியூப் 'பிசி பில்டு' வீடியோக்கள் பெரும்பாலானவற்றில் உள்ள கோளாறு.

கேமராவைப் பார், அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்

வீடியோ கோப்பு என்பது சுருக்கி மடித்து வைத்த வலை மாதிரி. எடிட் செய்யும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் கம்ப்யூட்டர் பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். ஹெச்.264, ஹெச்.265 என்ற இரண்டு மடிப்பு முறைகள்தான் இன்று அதிகம். ஹெச்.265 இன்னும் இறுக்கமான மடிப்பு. கோப்பு சின்னதாக இருக்கும், பிரிக்கும் வேலை அதிகம். இந்த வேலையை ப்ராசஸரின் பொதுவான கோர்களிடம் கொடுத்தால் மூச்சு வாங்கும். அதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதைத்தான் ஹார்டுவேர் டீகோடிங் என்கிறார்கள்.

செல்போனும் கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராவும் எடுப்பது பெரும்பாலும் 4:2:0 என்ற வகை. நிறத் தகவலில் நாலில் ஒரு பங்கை மட்டும் சேமித்து மிச்சத்தைக் கணக்குப் போட்டு நிரப்பும் முறை. இதை இன்றைய எந்த கிராபிக்ஸ் கார்டும் சுலபமாகப் பிரித்துவிடும். அதாவது படகில் போனையும் கோப்ரோவையும் வைத்து சேனல் நடத்தும் ஒருவருக்கு டீகோடிங் விஷயத்தில் பெரிய கவலையே இல்லை.

கல்யாணக்காரர்கள் கதை வேறு. சோனி ஏ7 4, கேனான் ஆர்6 போன்ற கேமராக்களில் கலர் கிரேடிங்குக்காக 4:2:2, 10 பிட் வைத்து எடுப்பார்கள். நிறத் தகவல் இரண்டு மடங்கு. படம் அழகு. ஆனால் 10 பிட் 4:2:2 ஹெச்.265 கோப்பை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை கார்டுகளால் ஹார்டுவேரில் பிரிக்க முடியாது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அந்த வசதியைச் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த பழைய கார்டு செய்யாத இந்த வேலையை இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் செய்துவிடும். 'க்விக் சிங்க்' என்று பெயர். 2022-ல் வந்த 12-ம் தலைமுறை ஐ5-12400-ல்கூட இது உண்டு.

இங்கேதான் ஒரு எழுத்து விளையாடுகிறது.

'எஃப்' என்ற ஒற்றை எழுத்து

கடையில் ஐ5-12400 என்றும் ஐ5-12400எஃப் என்றும் இரண்டு இருக்கும். இரண்டுக்கும் அதே 6 கோர், 12 த்ரெட். எஃப் போட்டது கொஞ்சம் விலை குறைவு, ஏனென்றால் அதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் கிடையாது. கேமிங் மட்டும் போதும் என்றால் எஃப் சரியான தேர்வு. தனி கார்டு எப்படியும் போடப்போகிறோமே, எதற்கு வீண் செலவு என்று கடைக்காரர் சொல்வதும் கேமருக்கு நியாயம்தான்.

4:2:2 எடிட் செய்பவருக்கு அது நஷ்டம். மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காக, டைம்லைன் சீராக ஓட வைக்கும் ஒரே பாகத்தைத் தூக்கி எறிந்த மாதிரி. அது மட்டுமா, ஒருநாள் கிராபிக்ஸ் கார்டு செத்துப்போய் வாரன்டிக்கு அனுப்பினால், எஃப் வைத்திருப்பவரின் பிசியில் டிஸ்ப்ளேவே வராது. எஃப் இல்லாதவர் அந்த மூன்று வாரமும் கேம் இல்லாமல், வேலையையாவது பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கினால் மட்டும் போதாது. தனி கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் அதை மறுபடி 'எனேபிள்' செய்ய வேண்டும். அசெம்பிள் செய்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

சில விதிவிலக்குகளும் சொல்லிவிட வேண்டும். அதே கேமராவில் ஹெச்.264-ல் 10 பிட் 4:2:2 எடுத்தால் 12-ம் தலைமுறை க்விக் சிங்க் கைகொடுக்காது. கேமரா மெனுவில் ஹெச்.265-க்கு மாற்றிக்கொள்வது பைசா செலவில்லாத தீர்வு. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டு போட்டால் எஃப் ப்ராசஸரே போதும், ஏனென்றால் அந்தக் கார்டே 4:2:2 ஹெச்.265-ஐப் பிரிக்கும். ஏஎம்டி ரைசன் 5 5600 நல்ல ப்ராசஸர், விலைக்கு மேல் உழைக்கும், கடல் வீடியோக்காரர்களுக்குத் தாராளம். உள் கிராபிக்ஸ் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேரும் இதில் பங்காளி. பிரீமியர் ப்ரோ க்விக் சிங்க்கை நன்றாகப் பயன்படுத்தும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அள்ளிக் கொடுக்கும், 4கே 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் விண்டோஸில் இந்த ஹார்டுவேர் வேகம் முழுதாகத் திறப்பது காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான். இலவசப் பதிப்பில் வேலை செய்பவர் 'ப்ராக்ஸி' பழகிக்கொள்வது நல்லது. பெரிய கோப்புக்குப் பதிலாக அதன் சின்ன நகலை வைத்து எடிட் செய்து, கடைசியில் அசலிலிருந்து எக்ஸ்போர்ட் எடுக்கும் முறை. உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டர் மாற்றும் முன் ஒரு வாரம் ப்ராக்ஸியில் எடிட் செய்து பாருங்கள். பழைய பிசியே போதும் என்று தோன்றினால் 70 ஆயிரம் மிச்சம்.

ரேம் விலை இப்படி ஏறினால் பட்ஜெட் என்ன ஆகும்?

'மொத்தக் காசில் பாதியை கிராபிக்ஸ் கார்டில் போடு' என்ற பழைய சூத்திரம் ரேம் சல்லிசாக இருந்த காலத்தது. 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதில், சில்லறைச் சந்தைக்கு வருவது சுருங்கியது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்று வந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சிலிக்கான் வேலியில் நடக்கும் போட்டிக்கு தூத்துக்குடி பையன் ஏன் காசு கட்டணும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பதில் இல்லை.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு இன்று சொன்னால் நாளைக்குப் பழசாகிவிடும். பங்காகப் பிரித்து யோசிக்கலாம். மானிட்டர் இல்லாமல் 70 ஆயிரம் சுற்றுவட்டாரத்தில், கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ப்ராசஸரும் மதர்போர்டும் சேர்த்துக் கால் பங்கைத் தாண்டலாம். ரேமும் எஸ்எஸ்டியும் சேர்ந்து இன்னொரு கால் பங்கைக் கேட்கும், சில வாரங்களில் அதற்கு மேலும் கேட்கும். மிச்சம் எஸ்எம்பிஎஸ், கேபினெட். யூபிஎஸ்ஸைத் தனிச் செலவாக ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்; கடைசியில் ஒதுக்கினால் அது வாங்கப்படவே படாது.

பிரீமியர் ப்ரோவுக்கு ஹெச்டி வேலை என்றால் 16 ஜிபி, 4கே என்றால் 32 ஜிபி என்று அடோபி சொல்கிறது. இப்போதைய விலையில் 32 ஜிபி பட்ஜெட்டையே விழுங்கும் என்றால், இரண்டு 8 ஜிபி போட்டு 16-ல் ஆரம்பிக்கலாம். ஆனால் ரேம் செருக நான்கு இடம் உள்ள மதர்போர்டாக வாங்குங்கள். ஹெச்610 போர்டுகளில் இரண்டே இடம். பிறகு கூட்ட வேண்டும் என்றால் பழையதைக் கழற்றித்தான் போட வேண்டும். 12-ம் தலைமுறை இன்டெல்லில் இன்னொரு சௌகரியம், டிடிஆர்4 ரேம் ஏற்கும் போர்டுகள் உண்டு. பழைய பிசியில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் அதையே கொண்டுவந்து போடலாம்.

ஸ்டோரேஜில் கஞ்சத்தனம் செய்தால் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். ஐபோனில் 4கே 30 ஃப்ரேம் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, மணிக்கு 10 ஜிபி. கோப்ரோவை 120 மெகாபிட்டில் வைத்தால் மணிக்கு 54 ஜிபி. கல்யாணத்தில் 100 மெகாபிட்டில் மூன்று கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. ஒரே கல்யாணம்! 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி என்ன செய்ய? ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிந்த வேலையைத் தள்ளி வைக்க சாதாரண ஹார்டு டிஸ்க். இதுதான் குறைந்தபட்சம்.

கேமிங் பக்கம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேலரன்ட் மாதிரி கேம்களுக்கு ப்ராசஸரும் நல்ல மானிட்டரும்தான் முக்கியம். 1080பி-யில் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 அளவு கார்டே தாராளம். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும், பழைய பெட்டிகளில் இதுதான் இடிக்கும். பெயரில் கவனம்: ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி ஒன்று, பின்னால் வந்த 8 ஜிபி ஒன்று. ஆர்டிஎக்ஸ் 3050-லும் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. இரண்டிலும் மெமரி குறைந்தது வேகத்திலும் குறைந்ததுதான். பெட்டியில் பெயர் ஒன்றே என்பதால் ஏமாந்துவிடக் கூடாது.

ஜிடிஏ 6-க்காக இப்பவே கார்டு வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2026 நவம்பர் 19 என்று அறிவிக்கப்பட்ட வெளியீடு ப்ளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வரிசைக்கும்தான். பிசிக்குத் தேதி சொல்லப்படவில்லை. அவசரப்பட வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்: திறக்காத சிப்பி

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா என்று எடுத்தவருக்குத் திறந்த பிறகுதான் தெரியும். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனாலும், அந்த ஏலம் இப்போது செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு சந்தையில் தொடர்கிறது என்று சொல்லலாம்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டின. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும். 'ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, செம சீப்' என்று வருவதில் பல '2048எஸ்பி' என்ற வகை; பெயர் 580, உள்ளே உள்ள கோர் எண்ணிக்கை 570-க்குச் சமம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். விற்பவர் அதை ஓட்ட விடமாட்டேன் என்றால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட பிராண்டட் பெட்டிகளும் நிறையக் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ம் தலைமுறைக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே உள்ளதை எடிட்டிங்குக்காக வாங்குவது வீண். ஒல்லிப் பெட்டியாக இருந்தால் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளே நுழையாது, எஸ்எம்பிஎஸ்ஸும் சாதாரண அளவில் இருக்காது. இந்தப் பெட்டிகளில் ஏமாந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

உப்புக்காத்து

யூடியூப் பில்டு வீடியோ எதிலும் வராத செலவு இது. பெங்களூரில் ஐந்து வருடம் ஓடும் பிசி, கடலோரத்தில் ஏன் இரண்டாவது மழைக்காலத்திலேயே தகராறு செய்கிறது?

அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத்துளி காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. தூத்துக்குடியில் கடல் போதாது என்று ஊரைச் சுற்றி உப்பளங்கள் வேறு. பிசி ஃபேன் என்பது இந்தக் காற்றை நாள் முழுக்க உறிஞ்சி மதர்போர்டு மேல் ஊதும் கருவி. தூசியோடு உப்பும் படியும். காய்ந்திருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுதே, அதே விஷயம். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். கரைந்த உப்புநீர் மின்சாரம் கடத்தும், செம்பை அரிக்கும். ரேம் காலில் பச்சை படிவது, கார்டின் ஸ்க்ரூவில் துரு, ஒருநாள் திடீரென்று 'நோ டிஸ்ப்ளே'.

இதில் உண்மையான அடி எங்கே விழுகிறது தெரியுமா? பல நிறுவனங்களின் வாரன்டி விதிகளில் துருவும் ஈரப்பதச் சேதமும் விலக்கப்பட்டவை. மூன்று வருட வாரன்டி கார்டை நம்பி இஎம்ஐ கட்டுபவருக்கு, 'கரோஷன் இருக்கு, கிளெய்ம் ஆகாது' என்ற ஒரு வரி போதும்.

ஆகவே கேபினெட் விஷயத்தில் அழகைவிட ஃபில்டர் முக்கியம். முன்பக்கமும் கீழேயும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை இருக்க வேண்டும். உள்ளே ஊதும் ஃபேன் அதிகமாகவும் வெளியே தள்ளுவது குறைவாகவும் வைத்தால், இண்டு இடுக்கு வழியாக வடிகட்டாத காற்று நுழைவது குறையும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள். ஏசி அறை என்றால் நல்லது, ஈரப்பதம் இறங்கும். வாரக்கணக்கில் அணைத்தே போடுவதைவிட அவ்வப்போது ஓட்டுவது மேல். ஓடும் பிசியின் சூட்டில் போர்டு காய்ந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் போடுங்கள், ஈரமான நாளில் போட வேண்டாம். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பது நம்மூர் சர்வீஸ் கடைகளின் நிரந்தர வைத்தியம். அவசரத்துக்கு வேலை செய்யும். அடிக்கடி செய்தால் மேலே உள்ள மெல்லிய தங்கப் பூச்சே தேய்ந்து அரிப்பு இன்னும் வேகமாக வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது மேல்.

கரன்ட், மழை, பேக்கப்

ஐ5-12400 உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், மற்றதெல்லாம் சேர்த்து இன்னும் 50, 60. மொத்தம் 350 வாட்டுக்குள். எனவே 80 ப்ளஸ் சான்று உள்ள நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். 'கேபினெட்டோட ஃப்ரீ' என்று வரும் எஸ்எம்பிஎஸ்ஸை அந்த நிமிடமே திருப்பிக் கொடுங்கள். பட்ஜெட் குறைந்தால் கார்டில் ஒரு படி இறங்கலாம், இதில் இறங்கக் கூடாது. யூபிஎஸ் 600 விஏ என்றால் தருவது சுமார் 360 வாட்தான், எக்ஸ்போர்ட் நடக்கும்போது கரன்ட் போனால் திணறும். 1000 விஏ வாங்குங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? வீட்டு ப்ளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகு பிசியை ஆன் செய்யுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தரையில் வைத்த எதுவும் தப்பிக்கவில்லை. பிசியை மேஜைக்கு மேல் வைப்பது காசு கேட்காத காப்பீடு. பிசி போனால் மறுபடி வாங்கலாம். ஒருவர் கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. ஃபுட்டேஜின் இரண்டாவது நகல் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்கட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டா, உள்ளூரா?

ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் ஆட்டோ தூரம். பத்துக் கடை ஏறி இறங்கினால் விலை குறையத்தான் செய்யும். ரயில் டிக்கெட், சாப்பாடு, ஒருநாள் வேலை எல்லாம் கழித்துப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கணக்கு. ஏதாவது பாகம் பழுதானால் திரும்ப அங்கேயே கொண்டுபோக வேண்டிவரலாம். கிராபிக்ஸ் கார்டு போன்ற பெரிய விலை ஒன்றில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் வெளியூரிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் நான்கையும் ஒரே உள்ளூர்க் கடையில் வாங்கி அங்கேயே அசெம்பிள் செய்வது நல்லது. இல்லாவிட்டால் டிஸ்ப்ளே வராத அன்று ஒரு கடை இன்னொரு கடையைக் கைகாட்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கணும், இந்திய வாரன்டியா என்று கேட்கணும். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோ என்றால், தொழிலுக்கு வாங்கும் இந்தப் பாகங்களுக்குக் கட்டும் 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கேட்கலாம். பில்லை ஸ்டூடியோவின் ஜிஎஸ்டி எண்ணில் போடச் சொல்லுங்கள்.

கடைக்குக் கிளம்பும்போது ஒரு பென் டிரைவில் உங்கள் கேமராவில் எடுத்த, எடிட் செய்யாத ஐந்து நிமிட ஃபுட்டேஜைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அசெம்பிள் முடிந்ததும், லைட் எப்படி எரிகிறது என்று பார்ப்பதற்கு முன், அந்தக் கோப்பை டைம்லைனில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டீகோட்' கோடு மேலே ஏறுகிறதா, ப்ராசஸர் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். டீகோட் கோடு அசையவே இல்லை என்றால், மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் பயாஸைத் திறக்கச் சொல்லலாம்.